பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்தால் பூசணம் போய்விடுமா?

முதலில் கொசு அடித்த கறை என்றுதான் நினைத்தேன். நாலே நாளில் பீரோவுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பாகப் படர்ந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "பூசணம் புடிச்சிருக்குடா" என்றார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியதை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை! தண்ணீர் வந்ததையும் வடிந்ததையும் டிவியில் காட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குள் வந்ததை யார் காட்டினார்கள்? என் ஆதங்கம் அதுதான்.

பூசணத்தின் வித்துகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரம். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி சில நாள் அப்படியே நின்றால் போதும், முளைத்துவிடும். வெப்பம் 20 முதல் 30 டிகிரி என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். நம்ம டிசம்பர் அப்படியே அதுதானே! மே மாதத்தில் வெயில் கொளுத்தும்போது வீடு காய்ந்து கிடப்பதால் தப்பிக்கிறோம்.

சரி, ஏன் பீரோவுக்குப் பின்னால்? 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 19 கிராம்தான். மழையில் ஊறிக் குளிர்ந்த வெளிச்சுவரைத் தொடும் காற்று மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. பீரோ மறைப்பில் ஃபேன் காற்றும் படாது. போதாததற்கு மழை நாளில் நாம் துணியையும் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். (எங்கள் வீட்டிலும்தான்.)

இதெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியாததில்லை. மல்லாட்டையைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், கமிட்டியில் விலை போகாது என்று எந்த விவசாயியும் சொல்வார். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பதும் தெரிந்த விஷயம். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மல்லாட்டைக்குக் காட்டும் அக்கறையில் பாதியை, படுத்துத் தூங்கும் அறைக்குக் காட்டுகிறோமா?

எங்களுடையது வாடகை வீடு. "பொங்கல் வருதுல்ல, பெயிண்ட் அடிச்சிட்டா சரியாப் போயிடும்" என்றார் வீட்டுக்காரர். புயலுக்கும் பொங்கலுக்கும் நடுவே ஆறு வாரம்தான். ஓதம் காயாத சுவரில் புட்டி வைத்து எமல்ஷன் அடித்தார்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. உள்ளே இருந்த ஈரம் எங்கே போகும்? ஜனவரி முடிவதற்குள் பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது, கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. அந்தச் சுவரோரம் படுக்கும் தங்கைக்கு ராத்திரியானால் இளைப்பு. டாக்டரிடம் மூன்று தடவை போனோம்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இளைப்பும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. புயலுக்குப் பிறகு அரசு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இடிந்த சுவருக்கு இருக்கும் கணக்கு ஊறிய சுவருக்கு இல்லை. வெள்ளம் வடிந்ததும் மருத்துவ முகாம் போடுகிறார்கள். மூன்றாவது வாரம் இளைப்புக்கென்று இன்னொரு முகாம் போட்டால் என்ன? சுவர் காயும் வரை பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று ஒரு நோட்டீஸ் ரேஷன் கடையில் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

கடைசியில் நாங்களே இறங்கினோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சுவரை நனைத்துச் சுரண்டினோம். காய்ந்தபடி தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தடவியும் பார்த்தோம், நிறம் வெளுத்ததே தவிர ஈரம் போகவில்லை. மதிய வெயிலில் ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தோம். மார்ச் வரை ஆனது காய. பிறகு வெறும் சுண்ணாம்புதான் அடித்தோம். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் அதை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.