பனிமலைக்குப் போகும் பிள்ளைக்கு

மார்கழி விடியலில் வாசல் தெளிப்பதற்குள் கடலூரிலேயே எனக்குப் பல் தந்தியடிக்கும். சிதம்பரத்தில் படிக்கும் என் பெண்ணோ, போன டிசம்பரில் தோழிகளோடு இமயமலையில் சந்திரசிலா உச்சிக்குப் போகப் போவதாக வந்து நின்றாள்.

"உனக்கென்னடி பைத்தியமா?" என்றேன்.

"துங்கநாதர் கோயில் வழியாத்தாம்மா போறோம்" என்று என் பக்தியில் கை வைத்தாள்!

பஞ்ச கேதாரங்களில் ஒன்றான துங்கநாத் சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் நடையைச் சாத்தி, சுவாமியைக் கீழே மக்குமட் கிராமத்துக்கு எழுந்தருளப் பண்ணிவிடுவார்கள். சாமியே இறங்கி வருகிற சமயத்தில் இவள் ஏறப் போகிறாளாம்!

பயந்து பிரயோசனமில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குளிர் கூடுமாம். சோப்தாவிலிருந்து ஏறும்போது ஓர் உயரத்துக்கு மேல் மரங்களே கிடையாது. வெறும் புல்வெளிதான், அதுவும் பனி மூடிக் கிடக்கும். தடுக்க ஒன்றுமில்லாததால் காற்று நேரே உடம்பில் அறையும். நிழல் பட்ட பாதையில் பனி இறுகிக் கண்ணாடியாய் வழுக்கும். ஷூவில் மாட்டும் இரும்பு முள் அவசியம்.

நம் ஊருக்கு இதமான பருத்தி பனியன் அங்கே ஆகாது. வியர்வையில் நனைந்தால் உலராமல் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். கம்பளி, சீக்கிரம் உலரும் துணி என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காற்றுப் புகாத கோட்டு போட வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும்; கறுப்புக் கண்ணாடி வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் இதுதான். தலைவலியோடு குமட்டல், வாந்தி வந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மேலே ஒரு அடி வைக்கக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருந்தும் மூச்சுத் திணறலோ வந்தால் உடனே இறக்க வேண்டும். குளிரில் நடுங்கியவருக்குப் பேச்சுக் குழறி நடுக்கமும் நின்றுபோனால், 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. 2024 ஜூனில், கோடையிலேயே, உத்தராகண்டில் சஹஸ்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கி கர்நாடகத்திலிருந்து போன 9 பேர் இறந்தார்கள்.

கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "நம்ம துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினா, மீன்பிடிக்கிறவங்க வீம்புக்குக் கடல்ல இறங்குவாங்களா? உடம்புக்கு ஏதாவதுன்னா மறைக்காதே. கட்டின பணம் போனாப் போகட்டும்."

கோயில் வரை போனதும் ஒரு தோழிக்கு மண்டையிடி, வாந்தி. "யாருகிட்டயும் சொல்லாதேடி" என்று கெஞ்சினாளாம். என் பெண் வழிகாட்டியிடம் சொல்லி, தானும் கூடவே இறங்கிவிட்டாள். கீழே வர வர அந்தப் பெண் தெளிந்துவிட்டாள்.

"உச்சியைப் பார்க்கலைம்மா" என்று முகம் வாடித்தான் வந்தாள். திருவாதிரைக் களியை முதலில் அவள் தட்டில்தான் வைத்தேன்.

சகோதரிகளே, பிள்ளைகள் மலைக்குக் கிளம்பினால் முறுக்கு, சீடையோடு, 'பாதியில் திரும்பினால் வீட்டில் யாரும் ஏச மாட்டோம்' என்ற வார்த்தையையும் கட்டிக் கொடுங்கள்.