நம் பிள்ளைகள் எழுதியதை யார் படித்தோம்?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் ஒரு பிள்ளையின் கட்டுரை நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். 'மழைநீர் சேகரிப்பு' இருக்கும். 'நான் விரும்பும் தலைவர்' இருக்கும். ஆங்கில நோட்டாக இருந்தால் 'மை ஸ்கூல்'. முன்னுரை நாலு வரி, முடிவுரை இரண்டு வரி, நடுவில் இருப்பது கைடிலிருந்தோ போர்டிலிருந்தோ இறங்கியது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் நோட்டிலும் அதே நாலு, அதே இரண்டு. கடைசியில் சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து, தேதி. ஓரத்தில் அங்கங்கே சுழித்த பிழைகள். அந்த நோட்டை எழுதிய பிள்ளையிடம் யாராவது ஒரு வரியைக் காட்டி, "அப்படியா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கான தடயம் மட்டும் எங்கும் கிடைக்காது.

இந்தப் பிள்ளையைப் பற்றித்தான் "எழுதச் சொன்னா ஓடுறான்" என்று நாம் ஆளாளுக்குப் புலம்புகிறோம். ஓடாமல் என்ன செய்வான்? வகுப்பில் பேசினால் நூறு தடவை இம்போசிஷன். ஹோம்வொர்க் மறந்தால் ஐம்பது தடவை. தாமதமாக வந்தால் 'இனி தாமதமாக வரமாட்டேன்' என்று ஒரு பக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுத்தைத் தண்டனையாகவே பழக்கியவர்கள் நாம். ஆறாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு எழுத்தில் ஆர்வமே இல்லை என்று ஆச்சரியப்படுகிறவர்களும் நாமே. நாம் என்று நான் சொல்வது பெற்றோரை, ஆசிரியர்களை, மாலை டியூஷன் நடத்துகிறவர்களை, மன்றம் நடத்துகிறவர்களை, பத்திரிகையில் நாலு வரி எழுதிவிட்டு எழுத்தாளர் என்று பெயர் வாங்கிக்கொண்ட என் போன்றவர்களை. யாரையும் இதிலிருந்து விலக்க முடியவில்லை.

அதே பிள்ளை மைதானத்தில் கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நடந்த சண்டையை அவன் சொன்னால் மீன்காரம்மா குரல் ஒன்று, ஆட்டோக்காரர் குரல் ஒன்று, நடுவில் போலீஸ்காரர் கன்னடத்தில் அதட்டுவது ஒன்று என்று மூன்று ஆளாகவும் மாறிவிடுவான். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்கிறவர்கள் "சொல்லுடா" என்று கெஞ்சுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கதைக்கு வேண்டியது எல்லாம் அவனிடம் இருக்கிறது. மைதானத்தில் கேட்க ஆள் இருக்கிறது, நோட்டில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மொழிச் சிக்கல் ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் நாலாவது ஐந்தாவது தலைமுறை இது. வீட்டில் தமிழ், பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மாநில மொழியாகக் கன்னடம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. இருக்கிற ஊரின் மொழியைப் பிள்ளை எழுதப் படிக்கக் கற்பதில் என்ன தவறு? தவறு நம்முடையது. மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்டும் பத்து வயதுப் பிள்ளையிடம் மூன்றிலும் பிழையில்லாமல் எழுது என்றுதான் கேட்டோம். எதிலாவது உன் கதையை எழுது என்று கேட்கவில்லை. அவன் பேசுவது போல மூன்றையும் கலந்து எழுதினால் முதல் வரியிலேயே சுழித்தோம். ழகரமும் றகரமும் பிறகு வரும். வந்தே தீரவேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவன் வாயை அடைத்தது நம் சிவப்பு மை.

இதில் கூடுதல் வெட்கம் ஒன்று இருக்கிறது. எழுத்து நமக்கு வெளியிலிருந்து வந்த பொருள் இல்லை. பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' வார இதழுக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வாசகர்கள் இருந்தார்கள். இங்கே பௌத்த சங்கம் இருந்தது. 1914இல் அவர் மறைந்து, இதழும் பிறகு நின்றுபோனபோது, 1926இல் அதை மறுபடி உயிர்ப்பித்து நடத்தியது இந்தத் தங்கவயல்தான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை சாம்பியன் ரீப்பிலிருந்து அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்புச் செய்தது. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்து, தட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பத்திரிகை படித்தவர்கள் நம் முன்னோர். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

1930 ஏப்ரலில் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியச் சொன்னபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதா என்பது அவர்கள் கோபம். தங்கவயல் வரலாற்றில் பெரிய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. கைரேகை வைக்க மறுத்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்திருப்பது, அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதும் வேலை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டதும் ஊர் வேறு ஊராகிவிட்டது. விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் அப்பா அம்மாவிடம் நோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நூறு கிலோமீட்டர் போய் நூறு கிலோமீட்டர் வருகிறவர்கள் அவர்கள். பெற்றோருக்கு நேரம் இல்லாத ஊரில் மற்றவர்கள் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. டியூஷன் சென்டர்கள் வைத்தோம். அங்கேயும் அதே கட்டுரையை இன்னொரு தடவை எழுத வைத்தோம். மன்றங்கள் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி வைத்தன. தலைப்பு 'தமிழர் பண்பாடு'. வீட்டில் பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து வந்து கொட்டியது. நடுவர்கள் கையெழுத்து அழகைப் பார்த்து மார்க் போட்டார்கள். எவர்சில்வர் டப்பா பரிசு. பரிசு பெற்ற கட்டுரையை மேடையில் யாராவது படித்துக் காட்டினோமா? ஒரு கைப்பிரதியிலாவது சேர்த்து வைத்தோமா? டப்பா மட்டும் இன்னும் எத்தனையோ வீட்டில் பருப்புப் போட்டு வைக்க உதவுகிறது.

அப்பாதுரையார் இங்கே இதழ் நடத்திய காலத்தையொட்டி, பிரான்சின் தெற்கே பார்-சுர்-லூ என்ற சிறிய ஊரில் செலஸ்தீன் ஃபிரெனே என்ற பள்ளி ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர் அவர். தொடர்ந்து பாடம் நடத்தினால் மூச்சு முட்டும். சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மூச்சுத் திணறலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பேச முடியாததால் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். தறிக்காரரையும் தச்சரையும் வயலையும் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததைப் பிள்ளைகளே சொல்ல, எழுத விட்டார். 1924இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்தார்கள். எழுத்தை ஒவ்வொன்றாகக் கோக்கும்போது பிழை தானாகக் கண்ணில் பட்டது. அச்சுக்குப் போகிறதே என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள். அச்சான தாள்கள் பிரிட்டனியின் கடலோரத்தில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் எழுதியது வந்தது. மலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கடலோரத்தில் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்.

ஃபிரெனேயின் பெயரை ஆசிரியர் பயிற்சியில் கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியும் இருக்கிறார்கள். அச்சு இயந்திரம் இன்று தேவைகூட இல்லை. பள்ளிக்குப் பள்ளி ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, அது வினாத்தாள் அடிக்க மட்டும் ஓடுகிறது. சாம்பியன் ரீப்பில் ஒரு பிள்ளை எழுதுவதற்கு பங்காருப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு வாசகரைத் தேடிக் கொடுக்க ஒரு தபால் உறை போதும்.

எழுதப் பொருள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தின் மேல் குடியிருக்கிறோம். சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கும்போது காது அடைப்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள், பாறை வெடிப்பில் லைன் வீட்டுப் பாத்திரங்கள் உருண்ட ராத்திரியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே முதல் பதிவுகளில் ஒன்று. வானத்திலிருந்து வரும் ஒரு துகளைப் பிடிக்க எதற்காக பூமிக்குள் போனார்கள் என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். நாம் கேட்கவில்லை. நம்மில் பலருக்கு இது நடந்ததே தெரியாது.

நாம் எழுதாத இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் தன் தங்கவயல் நினைவுகளை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார், நல்ல காரியம். 2018இல் 'கேஜிஎப்' படம் வந்தது. இன்று நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் அந்த ஹீரோவின் வசனத்தைச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மலையின் அடியில் குடியிருக்கும் பிள்ளை, காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றில் விழுவதை எழுதியிருந்தால், படத்துக்கு எதிரே வைக்க நம்மிடமும் ஒரு பக்கம் இருந்திருக்கும்.

நாட்டளவிலும் இதே கதைதான். கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலை என்று நாம் மேற்கோள் காட்டும் அசர் ஆய்வு வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிறது. சொந்தமாக எழுதும் திறனை அளப்பதில்லை. அளக்காத ஒன்றைப் பற்றி எந்த அதிகாரியும் கவலைப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2022இல் பள்ளிக் கல்வித்துறை நடுநிலைப் பிள்ளைகளுக்காகத் 'தேன்சிட்டு' இதழைத் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு இதழும் நூலும் வளர்த்த ஊரில், அதற்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. கோயில் திருவிழா பேனர் செலவில் பாதிகூட ஆகாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பீரியட், சிவப்புப் பேனாவை மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். 'எங்கள் லைனில் யாருக்கு என்ன பட்டப்பெயர், ஏன் வந்தது' என்று கேளுங்கள். எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மன்றத்துக்காரர்களே, இந்த ஆண்டு 'தமிழர் பண்பாடு' வேண்டாம். தாத்தா முதன்முதலில் அண்டர்கிரவுண்ட் போன நாளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வந்த எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து, பரிசு வாங்கிய பிள்ளை, வாங்காத பிள்ளை என்று பார்க்காமல் எல்லோர் வீட்டுக்கும் கொடுங்கள். ரயிலில் போய் வருகிற அப்பா அம்மாக்களே, ஞாயிற்றுக்கிழமையாவது அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள். பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதித் தரச் சொல்லுங்கள்.