செவியுற்றதையெல்லாம் பரப்பலாமா?

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்றது அதிபர் பைடனின் குரல். அது செயற்கை நுண்ணறிவு புனைந்த போலி. 2018இல் மறைந்த கலைஞரையும் 2024இல் இத்தொழில்நுட்பம் திரையில் பேச வைத்தது. அங்கே கூடியிருந்தோர் அறிந்தே கேட்டனர். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருவதை நாம் அறிந்தா கேட்கிறோம்?

தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நாமோ நம்மை இழிவுபடுத்தும் காணொளியை மட்டுமே ஆராய்கிறோம். நமக்கு இனிக்கும் பொய்யை ‘மாஷா அல்லாஹ்’ என்று கூறி அனுப்பிவிடுகிறோம். இது நீதியா? “வந்ததை அனுப்பினேன்” என்பது மறுமையில் சாக்காகாது. இயந்திரம் புனைந்த பொய்யை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பவை நம் விரல்களே. கைகள் பேசும் அந்நாளில் என்ன பதில் வைத்திருக்கிறோம்?