லாக்கப் அடியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



தேக்கா ஈரச்சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது. "அண்ணே, நேத்து ராத்திரி வீட்டுல 'விசாரணை' படம் போட்டாங்க. போலிஸ் அடிக்கிற அடியைப் பார்க்க முடியலை. மகனை எழுந்து உள்ளே போகச் சொன்னேன், அவன் போகலை. இந்த மாதிரிப் படத்தையெல்லாம் எதுக்கு எடுக்குறாங்க?"

அந்தத் தாயின் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிற குடும்பங்கள் நாம். சனிக்கிழமை இரவு இரண்டரை மணி நேரம் மனம்விட்டுச் சிரிக்கவே படம் போடுகிறோம். அந்த நேரத்தில் ரத்தமும் அலறலும் கெட்ட வார்த்தையும் வரவேற்பறைக்குள் வந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் இந்தக் கேள்விக்கு 'பார்க்காதீர்கள்' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. காரணம், அந்தப் படத்தில் அடிபடுகிறவர்கள் யார் என்பது.

வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, மனித உரிமைக்காக ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை வழங்கும் விருதைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் தியேட்டர்களுக்கு வந்தது. மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. இத்தனைக்கும் மூலம் கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' என்ற நாவல். 1983ல் பிழைப்புத் தேடி ஆந்திராவின் குண்டூருக்குப் போன இளைஞர் அவர். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலிஸார் நாட்கணக்கில் அடித்தார்கள். அந்த வலியை மனத்தில் சுமந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகமாக எழுதினார். ஆக, இது வசதியானவர் ஒருவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கற்பனை செய்த வன்முறை அல்ல. ஒரு தொழிலாளி தன் முதுகில் வாங்கியதைத் தானே எழுதியது.

கதையைப் பாருங்கள். மளிகைக் கடையிலும் வேறு வேலைகளிலும் இருக்கும் தமிழ் இளைஞர்கள். வாடகை கொடுக்கப் பணமில்லை, பூங்காவில் படுத்துத் தூங்குகிறார்கள். தெலுங்கு தெரியாது. பெரிய இடத்தில் ஒரு திருட்டு நடக்கிறது, மேலிடத்திலிருந்து நெருக்கடி வருகிறது, வழக்கை முடிக்க யாராவது தேவை. கேட்க ஆளில்லாதவர்கள் இவர்கள்தானே! பிடித்துப் போட்டு அடிக்கிறார்கள். படத்தின் இரண்டாம் பாதி நாவலில் இல்லாதது, வெற்றிமாறன் சேர்த்தது. அது தமிழ்நாட்டுக்குள் நடக்கிறது. அரசியல் பணத்தின் ரகசியம் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் காவலில் இறந்துபோகிறார். அதை மறைக்கக் கிளம்பிய ஊழல், பார்த்துவிட்ட இந்த ஏழைகளின் உயிரைக் கேட்கிறது. ஆந்திரப் போலிஸிடமிருந்து தப்பித்தவர்கள் சொந்த மொழி பேசும் போலிஸிடம் மாட்டிக்கொண்டார்கள் என்றால், குற்றம் ஓர் இனத்திலோ ஒரு மொழியிலோ இல்லை என்பது விளங்கும். யாரும் தட்டிக் கேட்காத அதிகாரம் எங்கே இருந்தாலும் இதுதான் நடக்கும்.

வேலை தேடி வேற்றூருக்குப் போய், மொழி தெரியாமல், திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும் தமிழ் ஆண்களை நமக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் நடந்து பாருங்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு அங்கே தமிழ் ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், கலவரம் மூண்டதும், பலர் நாடு கடத்தப்பட்டதும் நாம் அறிந்ததே. கலவரம் செய்தது தவறு, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு புல்தரையில் கூடி உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்த எந்தத் தப்பும் செய்யாத தம்பிமார்களையும் சிலர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். நம்மவர்களிலேயே சிலர் அப்படிப் பார்த்தோம். 'விசாரணை' அந்தப் பார்வையைத்தான் கேள்வி கேட்கிறது.

இப்போது வன்முறைக்கு வருவோம். நம் வீடுகளில் போலிஸ் வன்முறை ஓடாத வாரம் உண்டா? 2003ல் 'காக்க காக்க', அதே ஆண்டில் 'சாமி', 2010ல் 'சிங்கம்'. கதாநாயகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு லாக்கப்பில் நாலு பேரைத் துவைத்தெடுக்கிறான், வழக்கு இல்லாமல் சுட்டுத் தள்ளுகிறான். நாம் கை தட்டுகிறோம். மடியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் தட்டுகிறது. அந்தப் படங்களில் அடிக்குப் பின்னணி இசை உண்டு. அடிபட்டவனுக்கு வலி கிடையாது, வீடு கிடையாது, தாய் கிடையாது. 'விசாரணை'யில் பின்னணி இசை ஓய்ந்துவிடுகிறது, வலி மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் நம்மால் பார்க்க முடியவில்லை. குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதிவது எது? 'அடி என்றால் வலிக்கும்' என்று காட்டும் படமா, 'நல்ல போலிஸ் அடித்தால் தப்பில்லை' என்று பாட்டோடு சொல்லும் படமா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோன தந்தையும் மகனும் காவலில் பட்ட அடியால் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தமிழகமே கொதித்தது. அப்போது 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். எடுத்தவரே வேதனைப்படும்போது, விசிலடித்துப் பார்த்த நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அதற்காக, பிள்ளைகளையும் கூட்டிவைத்து 'விசாரணை' பாருங்கள் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் படங்களுக்கு வயது முத்திரை இருக்கிறது. பிஜி13 என்பது பெற்றோருக்கான ஆலோசனை. என்சி16, எம்18, ஆர்21 என்றால் அந்த வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குத் தியேட்டரில் அனுமதியே இல்லை. இந்த முத்திரைகளை நாம் மதிக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காட்சிகளைத் தாங்கும் மனம் கிடையாது. இரவில் தூக்கம் கெடும், சீருடையைக் கண்டாலே நடுங்கும் பயம் ஒட்டிக்கொள்ளும். தியேட்டர் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். வீட்டு வரவேற்பறையில் கேட்பதற்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஓடிடி செயலிகளில் பெற்றோர் பூட்டு இருக்கிறது. அதைப் போடத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையிடமே கேட்டுப் போட்டுவிடுங்கள், கடவு எண்ணை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முத்திரை பார்ப்பதோடு பெற்றோரின் வேலை முடிந்துவிடாது. எவ்வளவு ரத்தம், எவ்வளவு கெட்ட வார்த்தை என்பதை முத்திரை சொல்லும். அந்த ரத்தம் எதற்காகக் காட்டப்படுகிறது என்பதை வீட்டில் நாம்தான் சொல்லவேண்டும்.

'அதெல்லாம் இந்தியாவில், இங்கே போலிஸ் அப்படியில்லை' என்பார்கள் சிலர். குண்டூர் வேறு, சிங்கப்பூர் வேறு என்பது உண்மைதான். ஆனால் இந்த ஊர் பிறக்கும்போதே சுத்தமாகப் பிறக்கவில்லை. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு ஏறத்தாழ 400,000 வெள்ளி. அதில் போலிஸ் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் லஞ்சத்தை விசாரிக்கும் பிரிவும் போலிஸுக்குள்ளேதான் இருந்தது. போலிஸைப் போலிஸே விசாரித்தால் என்ன ஆகும் என்று புரிந்துகொண்டுதான் 1952ல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள். நல்ல அதிகாரிகள் இருந்தால் மட்டும் போதாது, அவர்களைக் கண்காணிக்க வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம்.

அந்தக் கண் இன்றும் தேவை. 2010 செப்டம்பரில் சாங்கிச் சிறையில் 21 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், அதிகாரிகள் அடக்கிப் பிடித்தபோது மூச்சுத் திணறி இறந்தார். 2013ல் அதிகாரி ஒருவர் கவனக்குறைவுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பெற்ற தாய்க்கு அந்தத் தொகை என்ன ஆறுதல் தரும்? இதை யாரையும் தூண்டிவிடச் சொல்லவில்லை. 'இங்கே எதுவும் நடக்காது' என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே சொல்கிறோம்.

படத்தில் ஒரு காட்சி வருகிறது. குண்டூர் நீதிமன்றத்தில் அந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். நீதிபதி பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொல்வது நீதிபதிக்குப் புரியவில்லை. வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், சமுத்திரக்கனி நடித்த பாத்திரம், அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்கிறார். விடுதலை கிடைக்கிறது. அத்தனை அடியும் தாங்கி அவர்கள் வைத்திருந்த உண்மை, ஒருவர் மொழிபெயர்த்த பிறகுதான் நீதிபதியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது!

சிறுபான்மையினரான நாம் இந்தக் காட்சியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. இந்தியாவில் போலிஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. சிங்கப்பூரில் ஆகும். ஆகவே இங்கே நம் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எழுதி வாங்கும் வாக்குமூலத்தை உங்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். ஆங்கிலம் புரியாவிட்டால் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். தவறு இருந்தால் திருத்தலாம். அதன் பிறகே கையெழுத்து. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. 2018ல் வந்த சட்டத் திருத்தம் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யவும் வழி செய்திருக்கிறது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் கொண்டுவர வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் பொது விதி. வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையும் உண்டு. ஆனால் பிடித்த நிமிடமே அது கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 'நியாயமான கால அவகாசத்துக்குள்' என்றே நீதிமன்றங்கள் பொருள் சொல்லியிருக்கின்றன.

இந்த விவரங்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகனுக்குச் 'சிங்கம்' வசனம் தலைகீழாகத் தெரியும். "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேட்கலாம் என்பது தெரியாது. ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் உறவுக்காரத் தம்பிக்கும் தெரியாது. பயத்தில், "சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டா விட்டுருவாங்க" என்று நினைத்துக்கொள்கிறான்.

எனவே அந்தத் தாய்க்கு நம் பதில் இது. அம்மா, சின்னவனை உள்ளே அனுப்பியிருந்தால் சரிதான். அடுத்த தடவை 'சாமி' ஓடும்போதும் அதே கண்டிப்போடு இருங்கள். பெரியவனுக்கு முத்திரை அனுமதிக்கும் வயது வந்துவிட்டதென்றால் அவனை விரட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவனிடம் கேளுங்கள்: "அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கையெழுத்துப் போட்டிருப்பாயா?" அவன் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு, அவனுக்கு இருக்கும் உரிமைகளைச் சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் ஊர்த் தம்பிக்கும் அதையே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் தேக்காவில் பார்க்கும்போது, மகன் என்ன பதில் சொன்னான் என்று கேட்போம்.