பஸ் இலவசம், கூலி?

வேடசந்தூர் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு தாய் கைக்குழந்தையோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பிறவியிலேயே கை, கால் மூட்டுகள் மடங்கி இறுகியிருக்கின்றன. ஆர்த்ரோகிரைபோசிஸ் என்கிறார்கள். ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. குணப்படுத்தும் மாத்திரை இல்லை. பிறந்த முதல் மாதங்களிலேயே மூட்டுகளை மெல்ல நீட்டிப் பழக்கவும், அச்சுப்பட்டை கட்டவும் தொடங்க வேண்டும். நிறுத்தினால் நீண்ட மூட்டு மறுபடி மடங்கும். (கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று அந்தத் தாயைக் குத்திக்காட்டும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அது பொய்.)

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, சரி. ஆனால் போகும் ஒவ்வொரு நாளும் வெங்காயக் காட்டிலோ மில்லிலோ ஒருநாள் கூலி போகிறது. நிலமுள்ள வீட்டில் யாராவது ஒருவர் மிஞ்சுவார். காலனி வீட்டில் இருவரும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும். நான்கைந்து முறை வந்தவர் பிறகு ஏன் வரவில்லை என்பதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடுவது சுலபம். நாம் அதை ஏற்கவில்லை.

2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்றது. அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டுக் கொள்கையின் உதவி மறு ஆண்டே 50 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. எல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு நிற்கின்றன. கடும் பாதிப்புள்ளோருக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாயை வாங்கவும் முதலில் சான்றிதழுக்கு அலைய வேண்டும்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறு வழியில் போகிறது. அதன் களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய், குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் செய்யக்கூடிய பயிற்சிகளைத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுத்தருகிறார்கள்.

நம் மாவட்டத்திலும் இது முடியாததல்ல. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த நிதியிலிருந்து சிகிச்சை நாளுக்கான கூலி இழப்பை ஏன் ஈடுகட்டக் கூடாது?

அடுத்த கிராம சபையில் காலனி மாணவர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கூடவே இன்னொன்றையும் கேட்கலாம்: வீடு தேடி வரும் அந்தச் சிகிச்சையாளர் நம் தெருவுக்குக் கடைசியாக வந்தது எந்தத் தேதியில்?