போன் காட்டும், புரிய வைக்காது



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி: "கையில் ஜிபிஎஸ் இருக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? அந்தப் பாடத்தை எடுத்துவிடலாமே." அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள்!

சரி, நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். முத்துப்பேட்டை ஏறத்தாழ வடக்கு 10 டிகிரி 24 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 30 நிமிடம். லகூனைத் தாண்டினால் பாக் நீரிணை. அங்கே வேலியும் இல்லை, மைல்கல்லும் இல்லை. ஆனால் எல்லை உண்டு. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த எல்லை வெறும் ஆறு புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. இரண்டாவது புள்ளி வடக்கு 9 டிகிரி 57 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 35 நிமிடம். கிட்டத்தட்ட நமக்கு நேர் தெற்கு.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இங்கே வித்தியாசம் 27 நிமிடம். ஆக 50 கி.மீ. நாம் திருவாரூர் போகிற தூரம்தான்!

இனித்தான் வினை. உங்கள் போன் பெரும்பாலும் நிமிடம் காட்டாது, தசமம் காட்டும். 9 டிகிரி 57 நிமிடம் என்பது 9.57 அல்ல. 57-ஐ 60-ஆல் வகுத்தால் 0.95. ஆக 9.95. அதை 9.57 என்று பதிந்துகொண்டு போகிறவர், எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு 42 கி.மீ. தாண்டி நெடுந்தீவுப் பக்கம் நிற்பார். போன் பொய் சொல்லவில்லை. இவருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. பரீட்சையில் இந்தத் தப்புக்கு ஒரு மார்க் போகும். கடலில் படகு போகும், வலை போகும், ஆள் சிறைக்கும் போவார்.

மீனவர்கள் கணக்குத் தெரியாமல் தாண்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு இந்த எண்கள் நம்மைவிட அத்துப்படி. மீன் அந்தப் பக்கம், வயிறு இந்தப் பக்கம். அது வேறு வழக்கு. ஆனால் அந்தக் கோடு நியாயமா என்று வாதாடவாவது அது எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா? கச்சத்தீவு பற்றி முழங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆறு புள்ளிகளை வரைபடத்தில் வைத்துக் காட்டுவார்கள்?

பாடத்தைக் குறை சொல்லாதீர்கள். உருப்போட வைத்த எங்களைச் சொல்லுங்கள். நானும் 180, 360 என்று ஒப்பிக்கச் சொன்னவன்தான். ஒரு நாளாவது கடற்கரைக்கு அழைத்துப் போய் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டுப்பாடம்: இன்று மாலை வாசலில் நின்று, போன் காட்டும் தசமத்தை டிகிரியும் நிமிடமுமாக மாற்றுங்கள். பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள்.