"ரன் ஆகுது சேர்" என்பது டெஸ்ட் ஆகாது



பள்ளிவாசல் சந்தா, ஸகாத் கணக்கு, ஜனாஸா சங்க அங்கத்தவர் பட்டியல் எல்லாம் கொப்பியிலிருந்து கொம்பியூட்டருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல விஷயம். இரவில் பேக்கப் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டையும் நம் தம்பிமாரே சும்மா எழுதித் தருகிறார்கள். அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் "இதற்கு டெஸ்ட் எழுதினீங்களா?" என்று கேட்டால், "சின்ன ஸ்கிரிப்ட் சேர், ரன் ஆகுது" என்கிறார்கள்.

இந்தப் பதிலோடுதான் என் சண்டை.

பெரும்பாலான பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருக்கும்: டேட்டாபேஸை டம்ப் எடு, பைப் வழியாக ஜிஸிப்புக்கு அனுப்பு. பாஸ்வேர்ட் மாறி டம்ப் தோற்றாலும் ஜிஸிப் தோற்காது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பாஷ் பார்க்கும். ஆகவே "பேக்கப் ஓகே" என்று திரையில் வரும், ஃபைலும் இருக்கும். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் 20 பைட். அதைத் திறந்து பார்ப்பது ஹார்ட் டிஸ்க் போன அன்றுதான்.

பெரிய கம்பெனிக்காரர்களும் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தன் டேட்டாபேஸை இழந்தபோது, டம்ப் பேக்கப்கள் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்டின் மேல் புதியதை எழுதியதால் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. நம் நாட்டிலேயே 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அது ரான்சம்வேர், ஸ்கிரிப்ட் பிழை அல்ல. ஆனால் மீட்க பேக்கப் இல்லை என்பது அன்றுதான் வெளியே வந்தது.

பேட்ஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கும், டெஸ்டையும் பாஷ் போலவே எழுதலாம். எப்போதும் தோற்கும் ஒரு போலி டம்ப் கட்டளையைச் செய்து, அதை பாத்தில் முன்னால் வையுங்கள். பிறகு ஸ்கிரிப்டை ஓட்டி, வெளியேறும் எண் பூச்சியமாக இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பூச்சியம் வந்தால் டெஸ்ட் சிவப்பாகும். பைப்ஃபெயிலைப் போட்டால் பச்சையாகும். இன்னொரு டெஸ்ட், ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு. மூன்றாவது, டிஸ்க் செருகாத இரவுக்கு. ஒரு மாலை போதும், கிரிக்கெட் மேட்சை விட நேரம் குறைவு.

"சும்மா செய்து தாற பிள்ளைகளைக் குறை சொல்லாதீங்க" என்று சில பெரியவர்கள் எழுதுவார்கள். சும்மா செய்தாலும் அமானிதம் அமானிதம்தான். அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதுவதோடு நிற்கவில்லை, சாட்சியும் வைக்கச் சொல்கிறது. 1990இல் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு புத்தளம் வந்தவர்களைக் கேளுங்கள், ஒரு காணி உறுதி இல்லாமல் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று. காகிதம் தொலைந்தால் உரிமை தொலையும் என்பதை நம்மை விட நன்றாக அறிந்தவர் யார்?

நிர்வாக சபையினரே, அடுத்த கூட்டத்தில் தம்பியிடம் பேக்கப்பைக் காட்டச் சொல்லாதீர்கள். பாஸ்வேர்டைப் பிழையாகப் போட்டு ஸ்கிரிப்டை உங்கள் முன் ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் "ஓகே" என்று வந்தால், கொப்பியை இன்னும் எரித்துவிட வேண்டாம்.